அணு எடையின் சராசரிக் கணக்கு

தீவில் வாழ்கின்றவர்களுக்குக் கடல்நீர் கரிக்கும் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் எத்திசையில் நடந்தாலும் சற்று நேரத்தில் அலை வந்து காலை நனைக்கும். அந்நீரில் ஒரு குவளை எடுத்து, அகன்ற தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால், நீர் வற்றியபின் வெண்மையான உப்பு எஞ்சும். நாம் சோற்றில் இடும் அவ்வுப்பின் எடையில் நூற்றுக்குச் சுமார் 60 பங்கு குளோரின் என்னும் மூலகமாகும். திறந்த கடலின் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 19 கிராம் குளோரின் கரைந்திருக்கிறது. ஆகவே, இத்தீவுகளைச் சூழ்ந்து கிடக்கும் குளோரினுக்கு அளவே இல்லை எனலாம்.

பள்ளிக்கூடத்து ரசாயனப் புத்தகத்தைப் புரட்டினால், குளோரினின் அணு எடை 35.45 என்று போட்டிருக்கும். சில புத்தகங்களில் 35.5 என்றும் காணலாம். இந்த எண்ணைப் பார்த்ததும் சிந்தனையுள்ள மாணவனுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். அணுவின் உட்கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. ஒவ்வொன்றின் எடையும் ஏறக்குறைய ஒன்று. குளோரினில் புரோட்டான்கள் 17. மீதி நியூட்ரான்கள். அரை நியூட்ரான் என்று ஒன்று கிடையாது. அவ்வாறாயின், அணு எடையில் இந்த அரை எங்கிருந்து வந்தது?

நேயர்களே, இது சிறுபிள்ளைக் கேள்வியன்று. இக்கேள்வி நூறு ஆண்டுக் காலம் ஐரோப்பாவின் பெரிய ரசாயன அறிஞர்களைத் திகைக்க வைத்தது. லண்டனைச் சேர்ந்த வில்லியம் புரௌட் என்ற மருத்துவர், எல்லா மூலகங்களின் அணு எடைகளும் ஹைட்ரஜன் எடையின் முழு மடங்குகளே என்ற கருத்தை 1815-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கருத்து அழகானது. எல்லாப் பொருளும் ஒரே மூலப்பொருளால் ஆனவை என்பது அதன் சாரம். கார்பன் 12, ஆக்சிஜன் 16, நைட்ரஜன் 14 என்று பல எடைகள் அதற்கு இசைந்தும் வந்தன. ஆனால் குளோரின் மட்டும் எத்தனை முறை நிறுத்தாலும் முப்பத்தைந்தரைக்கு அருகிலேயே நின்றது. பெல்ஜியம் நாட்டு ஸ்டாஸ் முதலானோர் மிக நுட்பமாக எடைபோட்டுப் பார்த்து, புரௌட்டின் கருத்து பொய் என்றே முடிவு கட்டினர். நிறுத்தவர் கையிலும் பிழையில்லை, தராசிலும் பிழையில்லை. நிறுக்கப்பட்ட பொருள் ஒரே வகை அணுக்களால் ஆனது என்று நம்பியதுதான் பிழை.

இங்கிலாந்தின் ஆஸ்டன் என்பவர் 1919-ஆம் ஆண்டில், அணுக்களை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் செலுத்தி எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி ஒன்றை அமைத்தார். கனத்த அணு குறைவாக வளையும். இலேசான அணு அதிகமாக வளையும். குளோரினை அக்கருவியில் செலுத்தியபோது, முப்பத்தைந்தரை என்ற இடத்தில் ஒன்றுமே விழவில்லை. 35 என்ற இடத்தில் ஒரு கோடும், 37 என்ற இடத்தில் மற்றொரு கோடும் விழுந்தன. குளோரின் ஒரே வகை அணுவன்று, இருவகை அணுக்களின் கலவை என்பது அன்று தெளிவாயிற்று. இப்பணிகளுக்காக 1922-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு ஆஸ்டனுக்கு அளிக்கப்பட்டது.

ஒரே மூலகத்தின் இத்தகைய வேறு வேறு எடையுள்ள அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். புரோட்டான்களின் தொகை அவற்றில் ஒன்றே. நியூட்ரான்களின் தொகை மட்டுமே வேறுபடும். ரசாயன குணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருத்தலின், மூலகங்களின் வரிசை அட்டவணையில் அவை அனைத்தும் ஒரே கட்டத்தில் அமர்கின்றன. ஐசோடோப்பு என்ற கிரேக்கச் சொல்லின் பொருளும் 'ஒரே இடம்' என்பதே. மார்கரெட் டாட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவ மாது எடுத்துக் கொடுத்த இச்சொல்லை, பிரடெரிக் சாடி என்ற விஞ்ஞானி 1913-ஆம் ஆண்டில் உலகுக்கு வழங்கினார்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு வள்ளத்தில் 100 தேங்காய்கள் வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் 76 காய்கள் தலைக்கு 35 பலம். எஞ்சிய 24 காய்கள் தலைக்கு 37 பலம். சராசரியாக ஒரு காயின் எடை என்ன? அவசரக்காரர் 35-ஐயும் 37-ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, 36 பலம் என்பார். வியாபாரி அதை ஒப்பமாட்டார். அவர் 76-ஐ 35-ஆல் பெருக்கி 2660 என்றும், 24-ஐ 37-ஆல் பெருக்கி 888 என்றும் கண்டு, இரண்டையும் கூட்டி 3548 பலம் என்பார். அதை 100-ஆல் வகுத்தால் 35.48 பலம். வள்ளம் முழுவதும் தேடினாலும் 35.48 பலமுள்ள காய் ஒன்றுகூடக் கிடைக்காது. ஆயினும் மொத்தச் சரக்கின் எடையை அறிய அந்த எண்ணே உதவும்.

அணு எடையும் இத்தகைய சராசரியே. விதி இதுதான்: ஒவ்வொரு ஐசோடோப்பின் நிறையையும் அதன் பங்கால் பெருக்குக, கிடைத்தவற்றையெல்லாம் கூட்டுக. பங்கு நூற்றுவீதத்தில் தரப்பட்டிருந்தால், முதலில் அதை 100-ஆல் வகுத்துத் தசமமாக்கிக் கொள்க.

குளோரினில் இலேசான ஐசோடோப்பின் நிறை 34.96885, அதன் பங்கு நூற்றுக்கு 75.76. கனத்ததன் நிறை 36.96590, அதன் பங்கு நூற்றுக்கு 24.24.

34.96885 × 0.7576 = 26.4924
36.96590 × 0.2424 = 8.9605
இரண்டும் சேர்ந்து 35.4529

புத்தகத்தில் கண்ட 35.45 இதுவே. ஒரு நூற்றாண்டுப் புதிர், இரண்டு பெருக்கலிலும் ஒரு கூட்டலிலும் அவிழ்ந்து விடுகிறது.

இக்கணக்கைச் செய்யும் மாணவர்கள் மூன்று இடங்களில் வழுக்கி விழக்கூடும். முதலாவது, பங்கைக் கருதாமல் நேரே சராசரி எடுத்தல். அவ்வாறு செய்தால் குளோரினுக்கு ஏறக்குறைய 36 வரும். இரண்டாவது, நூற்றுவீதத்தைத் தசமமாக்க மறத்தல். அப்போது விடை 3545 என்று வந்து நிற்கும். மூன்றாவது வழுக்கல் சற்று நுட்பமானது. நிறை எண்களாகிய 35, 37 என்பவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் விடை 35.48 ஆகிறது; உண்மையான எடையைவிட இது சிறிது மிகை. உட்கருவில் துகள்கள் ஒன்றோடொன்று பிணையும்போது ஒரு சிறு நிறை ஆற்றலாக வெளியேறி விடுதலின், உண்மை நிறை முழு எண்ணோடு முற்றும் ஒத்திருப்பதில்லை. கார்பன்-12 ஒன்றுக்கு மட்டும் நிறை சரியாக 12. அதையே அளவுகோலாகக் கொள்ளச் சர்வதேச அறிஞர்கள் 1961-ஆம் ஆண்டில் இசைந்தனர்.

விடை சரிதானா என்று அறிய இரு சோதனைகள் உண்டு. பங்குகள் அனைத்தையும் கூட்டினால் 100 வர வேண்டும். சராசரி, மிகச் சிறிய நிறைக்கும் மிகப் பெரிய நிறைக்கும் இடையே நிற்க வேண்டும்; இரண்டே ஐசோடோப்புகள் இருக்குமானால், எது மிகுதியோ அதன் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். 35.45 என்ற எண் 37-ஐ விட 35-க்கு அருகில் இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில், இலேசான குளோரினே மிகுதி என்று சொல்லிவிடலாம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அந்தமான் கடலில் எடுத்த குளோரினும், ராஜஸ்தானத்துச் சாம்பார் ஏரியில் எடுத்த குளோரினும் ஒரே எடைதானா? பங்குகள் எங்கும் ஒன்றாக இருந்தாலன்றோ சராசரியும் ஒன்றாக இருக்கும்? குளோரினைப் பொறுத்தமட்டில் இடத்துக்கு இடம் வேறுபாடு மிகச் சொற்பம். சாதாரணத் தராசுக்கு அது எட்டாது. ஆனால் எல்லா மூலகங்களும் அவ்வாறல்ல. இதை உலகுக்கு மெய்ப்பித்த பொருள்களில் ஒன்று, நம் அண்டை நாடாகிய இலங்கையிலிருந்து போயிற்று.

இலங்கையின் மலைப்பகுதிகளில் தோரியம் மிகுந்த கனிமங்கள் உண்டு. பிற்காலத்தில் இந்தியக் கலை ஆராய்ச்சியால் உலகப்புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி, இளமையில் கனிம ஆராய்ச்சியாளராக இருந்தவர். கொழும்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர் 1903-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கினார். தோரியனைட் என்ற கனிமம் 1904-ஆம் ஆண்டில் அத்தீவிலிருந்து உலகுக்கு அறிமுகமானதில் அவருக்குப் பங்குண்டு. அதற்கு இனமான மற்றொரு கனிமம் தோரைட்.

தோரியம் நிலையான மூலகமன்று. அது கதிர்களை வீசிப் படிப்படியாகச் சிதைந்து, இறுதியில் ஈயமாக முடிகிறது. யுரேனியமும் அவ்வாறே ஈயமாகிறது. ஆயினும் யுரேனியத்தில் பெரும்பகுதி 206 நிறையுள்ள ஈயமாகும். தோரியம் 208 நிறையுள்ள ஈயமாகும் என்று சாடி கருதினார். அவர் கருத்து மெய்யாயின், தோரியக் கனிமத்தில் விளைந்த ஈயம், கடையில் வாங்கும் ஈயத்தை விடக் கனத்திருத்தல் வேண்டும். 'ஈயமென்றால் ஈயந்தான், அதன் அணு எடை இயற்கையின் மாறா எண்' என்று நம்பியிருந்த காலம் அது. ஐசோடோப்பு என்ற புதிய கொள்கை நிற்பதும் வீழ்வதும் இந்தச் சோதனையைப் பொறுத்திருந்தது.

சாடியும் ஹைமனும் இலங்கைத் தோரைட்டிலிருந்து ஈயத்தைப் பிரித்து, அதன் அணு எடை சாதாரண ஈயத்தைவிட மிகுதி என்று 1914-ஆம் ஆண்டில் அறிவித்தனர். பின்னர் மிகுதியான கனிமத்தைக் கொண்டு சாடி மேலும் ஆராய்ந்தார். இலங்கை ஈயம், சாதாரண ஈயத்தைவிட நூற்றுக்கு 0.26 பங்கு அடர்த்தி மிகுந்திருக்கக் கண்டார். ஐசோடோப்புகள் எடையில் மட்டும் வேறுபட்டு, அணு அடைத்துக் கொள்ளும் இடத்தில் ஒன்றாகவே இருப்பின், அடர்த்தி எவ்வளவு மிகுந்ததோ அவ்வளவே அணு எடையும் மிக வேண்டும். சாதாரண ஈயத்தின் அணு எடையாகிய 207.2-இல் நூற்றுக்கு 0.26 பங்கு 0.54 ஆகும். ஆகவே இலங்கை ஈயத்தின் எடை 207.74 என்று கணக்கு வந்தது. ஹேனிக்ஷ்மிட் என்ற நிபுணர் அதே ஈயத்தை ரசாயன முறையில் தனியே ஆராய்ந்து 207.77 என்று கண்டார். மறுபுறத்தில், அமெரிக்காவின் ரிச்சர்ட்ஸ் முதலானோர் யுரேனியக் கனிமங்களின் ஈயத்தை நிறுத்து, அது சாதாரண ஈயத்தைவிட இலேசானது என்று காட்டினர். ஒரே மூலகம், மூன்று பிறப்பிடங்கள், மூன்று எடைகள். கொள்கை வென்றது. 1921-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு சாடிக்கு உரியதாயிற்று.

இங்கே நம் கணக்கைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். முன்பு பங்குகளிலிருந்து சராசரியைக் கண்டோம். இப்போது சராசரியிலிருந்து பங்கைக் காண்போம். இலங்கை ஈயத்தில் 206, 208 என்னும் இரு வகைகள் மட்டுமே இருந்தன என்று எளிமைக்காகக் கொள்வோம். அவற்றின் நிறைகள் 205.974, 207.977. இவற்றின் வேற்றுமை 2.003. சராசரியாகிய 207.77, இலேசான நிறையைவிட 1.796 மிகுந்தது. 1.796-ஐ 2.003-ஆல் வகுக்க 0.897 வருகிறது. அதாவது, அந்த ஈயத்தில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு தோரியத்தின் வழித்தோன்றல். தராசில் கண்ட ஓர் எண், கண்ணுக்கெட்டாத ஒரு வமிசாவளியைச் சொல்லிவிடுகிறது அன்றோ?

இனி, அந்தமான் கடலுக்கே மீள்வோம். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு என்னும் எரிமலைத் தீவு உள்ளது. மக்கள் குடியிராத தீவு. 1787-ஆம் ஆண்டில் அது கனல் கக்கியதைக் கண்டு எழுதி வைத்தனர். நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991-ஆம் ஆண்டில் மீண்டும் விழித்துக்கொண்டது. அதன்பின் பலமுறை புகைந்தும் கனன்றும் வந்திருக்கிறது. அந்த எரிமலைக்கு வயது என்ன? எழுத்துச் சான்று இருநூற்றைம்பது ஆண்டுக்கும் குறைந்தது. மிகுதியைக் கல்லைத்தான் கேட்க வேண்டும்.

எரிமலைக் குழம்பில் பொட்டாசியம் உண்டு. தேங்காய்த் தண்ணீரில் மிகுந்துள்ள அதே பொட்டாசியம்தான். அதில் மூன்று ஐசோடோப்புகள்: நிறை 38.96371 உள்ளது நூற்றுக்கு 93.2581, நிறை 40.96183 உள்ளது நூற்றுக்கு 6.7302, நிறை 39.96400 உள்ளது நூற்றுக்கு வெறும் 0.0117. விதிப்படி பெருக்கினால் முறையே 36.3368, 2.7568, 0.0047 என வரும். கூட்டினால் 39.0983. கடைசி ஐசோடோப்பின் பங்கு, சராசரியின் மூன்றாம் தசமத்தைத்தான் தொடுகிறது. ஆனால் அந்த அற்பப் பங்குக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பொட்டாசியம்-40 மெல்லச் சிதைவது. அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 125 கோடி ஆண்டுகள். சிதையும் அணுக்களில் பத்தில் ஒரு பங்கு அளவு ஆர்கான்-40 என்ற வாயுவாகிறது, மற்றவை கால்சியமாகின்றன.

எரிமலைக் குழம்பு உருகியிருக்கும்போது ஆர்கான் பெரும்பாலும் தப்பிப் போய்விடும். குழம்பு உறைந்து கல்லானபின் பிறக்கும் ஆர்கான் உள்ளேயே சிறைப்படும். சிறைப்பட்ட ஆர்கானையும் எஞ்சிய பொட்டாசியத்தையும் அளந்தால், கல் உறைந்த காலம் தெரியும். இம்முறையின் நுட்பமான வடிவம் ஒன்றைக் கையாண்டு, பாரன் தீவில் கடல்மட்டத்துக்கு மேல் கிடைத்தவற்றுள் மிகப் பழைய குழம்புப் பாறைக்குச் சுமார் 15 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டு வயது என்று இந்திய ஆய்வாளர்கள் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இவ்வளவு காலத்தில் எத்துணை அணுக்கள் சிதைந்திருக்கும்? பதினாயிரம் பொட்டாசியம்-40 அணுக்களில் சுமார் 9 மட்டுமே. அவற்றில் ஆர்கானாக மாறியது ஏறக்குறைய ஒன்று. இத்துணைச் சிறிய வரவை எண்ணும்போது, நாம் மூச்சுவிடும் காற்றிலுள்ள ஆர்கான் கல்லில் கலந்துவிட்டால் வயதுக் கணக்கே கெட்டுவிடும். இவ்விடத்தில் ஐசோடோப்புகளின் பங்கே கைகொடுக்கிறது. காற்றில் ஓர் ஆர்கான்-36 அணு இருந்தால், சுமார் 300 ஆர்கான்-40 அணுக்கள் இருக்கும். பொட்டாசியத்திலிருந்து பிறந்த ஆர்கானிலோ 36 என்பது இல்லை. ஆகவே கல்லில் கண்ட ஆர்கான்-36-ஐ அளந்து, அதற்குரிய காற்று ஆர்கானைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது கல்லுக்கே உரிய ஆர்கான். பங்குகளை அறியாதவன் இக்கணக்கில் லட்சக்கணக்கான ஆண்டுகள் தவறிவிடுவான்.

வரிசை அட்டவணையிலுள்ள ஒரு விந்தைக்கும் இதுவே விடை. 18-ஆம் எண்ணுள்ள ஆர்கானின் அணு எடை 39.95, அதற்கு அடுத்த 19-ஆம் எண்ணுள்ள பொட்டாசியத்தின் எடை 39.10. முன்னது பின்னதைவிடக் கனத்திருப்பதேன்? பூமி தோன்றிய நாள்முதல் பாறைகளில் பொட்டாசியம்-40 சிதைந்து சிதைந்து, கனத்த ஆர்கானைக் காற்றில் சேர்த்து வந்திருக்கிறது. இன்று காற்றிலுள்ள ஆர்கானில் நூற்றுக்கு 99.6 பங்கு அந்த 40 நிறையுள்ள வகையே. நம் புத்தகத்து எண்ணில் பூமியின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

இவற்றையெல்லாம் கருதியே, சர்வதேச ரசாயன ஒன்றியத்தின் அணு எடைக் குழு 2009-ஆம் ஆண்டில் ஒரு புதிய வழக்கத்தை மேற்கொண்டது. பிறப்பிடத்துக்கு ஏற்ப எடை மாறும் மூலகங்களுக்கு ஒரே எண்ணைத் தராமல், கீழெல்லை, மேலெல்லை என இரண்டு எண்களைத் தரலாயிற்று. முதலில் அவ்வாறு தரப்பட்ட பத்து மூலகங்களில் குளோரினும் ஒன்று. அதன் எல்லைகள் 35.446, 35.457. பின்னர் 2021-ஆம் ஆண்டில் ஈயத்துக்கும் எல்லைகள் அறிவிக்கப்பட்டன: 206.14 முதல் 207.94 வரை. நூறு ஆண்டுக்கு முன் இலங்கைத் தோரைட்டில் கண்ட 207.77, இந்த எல்லைக்குள் மேல்விளிம்பை ஒட்டி அமர்ந்திருப்பதைக் காணலாம்.

ஆகவே, மாணவ நேயர்களே, பரீட்சையில் அணு எடைக் கணக்கு வரும்போது அதை வெறும் பெருக்கலென்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். சராசரி என்பது ஒரு கலவையின் முகவரி. அந்த முகவரியைப் படிக்கத் தெரிந்தவனுக்கு, ஈயம் தன் பெற்றோரைச் சொல்லும். கல் தன் வயதைச் சொல்லும். இன்று மாலை கடற்கரையில் நிற்கும்போது உதட்டில் ஒட்டும் உப்பைச் சுவைத்துப் பாருங்கள். அதிலுள்ள நான்கு குளோரின் அணுக்களில் ஏறக்குறைய மூன்று இலேசானவை; ஒன்று கனத்தது. நாக்குக்கு அந்த வேற்றுமை தெரியாது. கணக்குக்குத் தெரியும்.